ஏரிக்கரையில் ஒரு வாரம்

'லாட்ஜ்' என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் எவரும் விளக்கம் கேட்பதில்லை. பேருந்து நிலையத்திற்கு எதிரே, கீழே உணவகமும் மேலே வரிசையாக அறைகளும், மாடிப்படியின் திருப்பத்தில் வெற்றிலைக் கறையும், கம்பிக் கொடியில் யாரோ உலர்த்திய துண்டுமாக நிற்கும் கட்டடம் அது. விடைத்தாள் திருத்தும் பணிக்காகவும் ஆசிரியர் கூட்டங்களுக்காகவும் வெளியூர் சென்ற காலங்களில் இத்தகைய இடங்களில் நான் எத்தனையோ இரவுகளைக் கழித்திருக்கிறேன். ஆகவே, சென்ற ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோது என் மகள், "அப்பா, ஆகஸ்டு மாதத்தில் ஒரு வாரம் ஏரிக்கரையில் லாட்ஜ் எடுத்திருக்கிறோம், நீங்களும் வருகிறீர்கள்" என்று சொன்னதும், "வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு?" என்று கேட்டேன். பேரன் உரக்கச் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரபுக்கள் வேட்டைக்குச் செல்லும்போது காட்டில் தங்கிய குடிலை அது குறித்தது. பெரும் மாளிகையின் வெளிவாயிலில் காவலன் குடியிருந்த சிறு வீட்டையும் குறித்தது. இன்றோ, நாட்டுப்புறத்தில் ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ மரத்தாற் கட்டி, வேண்டிய வசதிகளையெல்லாம் நிறைத்து, குடும்பங்களுக்கு வார வாடகைக்கு விடும் விடுமுறை இல்லத்திற்கு அப்பெயர் வழங்குகிறது. காவலனுடைய வீட்டின் பெயர் எப்படியோ பிரபுவின் வசதிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

என் மகள் மான்செஸ்டர் நகரில் செவிலியாகப் பணியாற்றுகிறாள். மருமகன் அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். ஒருவருக்குப் பகற்பணி என்றால் மற்றவருக்கு இரவுப்பணி. குழந்தைகளைத் தனியே விட முடியாத காரணத்தால் அவர்களே அவ்வாறு கேட்டு அமைத்துக்கொண்டதுண்டு. நான் அங்கிருந்த இரண்டு மாதங்களில் அவ்விருவரும் ஒரே மேசையில் ஒருசேர அமர்ந்து உண்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விடுமுறை இல்லத்தின் வாடகையை மருமகனும் அவருடைய தம்பியும் இரு கூறாக்கிக்கொண்டனர். அப்படியும் அத்தொகையை ரூபாயாக மாற்றிப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. நான் பணியிற் சேர்ந்த முதற் பத்தாண்டுகளில் பெற்ற ஊதியம் முழுவதையும் கூட்டினாலும் அந்த ஒரு வார வாடகைக்கு ஈடாகுமோ ஆகாதோ! பள்ளியில் சுண்ணக்கட்டித் துண்டுகளையும் வீணாக்காமல் சேர்த்து வைத்தவன் நான். வாய் திறவாமல் இருந்தேன். ஆயினும் என் முகம் வாய் திறந்திருக்க வேண்டும். "மாமா, பணத்தை எண்ணாதீர்கள், நாட்களை எண்ணுங்கள்" என்றார் மருமகன்.

நாங்கள் சென்ற இடம் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஏரி மாவட்டம். ஏறத்தாழ 2,360 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள மலைநாடு அது. பனியூழிக் காலத்தில் பனியாறுகள் பள்ளத்தாக்குகளை அகழ்ந்துவிட்டுச் சென்றன. அப்பள்ளங்களில் தேங்கிய நீரே இன்றைய ஏரிகள். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்கேஃபெல் பைக் இங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 978 மீட்டர் என்று கேட்டபோது, கொடைக்கானலை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் மலையின் பெருமை உயரத்தில் மட்டுமா இருக்கிறது? கடல்மட்டத்திற்குச் சற்றே மேலுள்ள ஏரியிலிருந்து நேரே எழும் குன்று, அளவுக்கு மிஞ்சிய கம்பீரத்தோடு நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற இவ்விடத்தில் 'லேக்' என்று முறையாகப் பெயர் கொண்ட பெரிய ஏரி ஒன்றே ஒன்றுதான், அது பாசன்த்வெய்ட். மற்றவை 'மியர்' என்றும் 'வாட்டர்' என்றும் முடியும். மலைமேலுள்ள சிறு சுனைகளுக்கு 'டார்ன்' என்று பெயர். ஏரி, குளம், கண்மாய், ஊருணி, ஏந்தல் என்று நாம் பிரித்துச் சொல்வதில்லையா? நீரோடு நெடுநாள் பழகிய மக்கள் அதற்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு நிறைவடைவதில்லை.

எங்கள் இல்லம் விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில் இருந்தது. இங்கிலாந்தின் இயற்கை ஏரிகளில் பெரியது இதுவே. நீளம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். அகலமோ ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டாது. ஆகவே கண்ணுக்கு ஏரியாகத் தோன்றுவதைவிட, ஓட மறந்த ஆறாகத் தோன்றுகிறது. கிழக்குக் கரையில் ஊர்களும் சந்தடியும். மேற்குக் கரையில் காடும் அமைதியும். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, மோட்டார் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய தோணி செல்கிறது. இரு கரைகளுக்கும் இடையே கட்டிய இரும்பு வடங்களைப் பற்றிக்கொண்டே அது நகர்கிறது. பத்து நிமிடப் பயணம். அத்தோணியில் ஏறியதும் மகள் கைத்தொலைபேசியை அணைத்துப் பையிற் போட்டதைக் கவனித்தேன்.

இல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் நரைத்த மரப்பலகைகளால் ஆன எளிய வீடு. பைன் மரங்களுக்கிடையே இருப்பதே தெரியாமல் நிற்கிறது. உள்ளே சென்றால் ஏரியை நோக்கிய சுவர் முழுவதும் கண்ணாடி. தரைக்கடியிற் குழாய்களில் வெந்நீர் ஓடுவதால் வெறுங்காலோடு நடக்கலாம். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஊரில் நடப்பதுபோல் நடந்தேன். நான்கு படுக்கையறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை. பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம், விறகெரியும் இரும்பு அடுப்பு, அதன் அருகே ஒரே அளவாக வெட்டி அடுக்கிய விறகு. வெளித் திண்ணையில் தரையோடு பதித்த வட்டமான வெந்நீர்த் தொட்டி. மழை பெய்துகொண்டிருக்கும்போது, கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து, குளிர்ந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பது அங்கே பெரிய இன்பமாகக் கருதப்படுகிறது. முதல் நாள் நான் அதை ஏளனமாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் மூட்டுவலியின் பொருட்டு அதில் இறங்கினேன். பிறகு அதைப்பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.

மூன்று நாட்கள் மழை பெய்தது. இம்மலைநாட்டில் சீத்வெய்ட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறதாம். மதுரை மாவட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு பெய்தாலே கண்மாய்கள் நிரம்பிவிடும். மழையால் எவரும் வெளியே செல்ல இயலவில்லை, அதுவே நன்மையாயிற்று. பத்துப் பேர் அமரக்கூடிய அந்த நீண்ட மேசையில் காலையிலும் நண்பகலிலும் இரவிலும் எல்லாரும் ஒன்றாக அமர்ந்தோம். மருமகன் தோசை வார்த்தார். மகள் தன் தந்தையைப்போலவே இரவு ஒன்பதுக்கு உறங்கிப்போனாள். பேத்திக்கு ஆறு வயது. அவள் தன் தாயின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, "இன்றைக்கும் நீ போக வேண்டாமா? நாளைக்கும் போக வேண்டாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாடகையைப் பற்றி நான் போட்டிருந்த கணக்கு அந்தக் கேள்வியின் முன் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் மழை சற்று ஓய்ந்தது. பேரனை அழைத்துக்கொண்டு ஹாக்ஸ்ஹெட் என்னும் சிற்றூருக்குச் சென்றேன். தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் அவ்வழியே சென்றால் பார்க்காமல் வரக்கூடாத இடம் ஒன்று அங்கே உண்டு. 1585ஆம் ஆண்டில் எட்வின் சாண்டிஸ் என்னும் பேராயர் நிறுவிய பள்ளிக்கூடம் அது. 1909இல் பள்ளி மூடப்பட்டது. கட்டடம் பொருட்காட்சியாக நிற்கிறது. கீழ்த்தளத்தில் பழைய பலகைகளும் மேசைகளும் அப்படியே இருக்கின்றன. அவை முழுவதும் பேனாக்கத்தியாற் செதுக்கிய பெயர்கள். அவற்றுள் ஒன்று வில்லியம் வொர்ட்ஸ்வொர்த்தின் பெயர். நான் பணியில் இருந்தபோது மேசையிற் பெயர் செதுக்கிய மாணவர்களைப் பெஞ்சின் மேல் நிற்கவைத்தவன். அங்கே அந்த மேசையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பேரன் என் முகத்தைப் பார்த்தான். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

வொர்ட்ஸ்வொர்த் 1779இல் இப்பள்ளியிற் சேர்ந்தபோது அவருக்கு வயது ஒன்பது. என் பேரனின் வயதும் அதுவே. அதற்கு முந்தைய ஆண்டில் தாயை இழந்திருந்தார். பள்ளியில் இருக்கும்போதே, 1783இல் தந்தையையும் இழந்தார். அவரைத் தங்கவைத்து வளர்த்தவர் ஆன் டைசன் என்னும் எளிய பெண்மணி. தச்சரின் மனைவி, பலசரக்கும் துணியும் விற்றவர், பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சோறு போட்டுக் கட்டணம் பெற்றவர். அந்தப் பிள்ளைகள் விடுமுறை நாளில் ஏரியிற் படகு வலித்தார்கள். குளிர்காலத்தில் உறைந்த நீரின்மேல் சறுக்கினார்கள். இரவில் அவர் வீட்டு அடுப்பின் அருகே அமர்ந்தார்கள். ஏரிக்கரையில் ஒரு பிள்ளைக்கு வேண்டிய தங்குமிடம் எது என்று என்னைக் கேட்டால், ஆன் டைசனின் வீட்டைத்தான் காட்டுவேன். அங்கே தரைக்கடியில் வெந்நீர் ஓடவில்லை.

இம்மலைநாட்டுக்கு மக்கள் திரள் வந்ததில் அக்கவிஞருக்கும் பங்குண்டு. ஏரிகளைப் பற்றி அவர் எழுதிய வழிகாட்டி, 1810இல் ஒரு படத் தொகுப்புக்கு முன்னுரையாக வெளிவந்து, 1835 வரை விரிந்துகொண்டே போயிற்று. அதில் அவர், இந்நிலப்பகுதி கண்ணும் உள்ளமும் உடைய எல்லாருக்கும் உரிய ஒருவகைப் பொதுச்சொத்து என்னும் கருத்தைச் சொன்னார். அதே வொர்ட்ஸ்வொர்த், 1844இல் விண்டர்மியருக்கு இருப்புப்பாதை போடப்போகிறார்கள் என்றதும் கொதித்தெழுந்தார். செய்யுள் எழுதினார், செய்தித்தாளுக்குக் கடிதங்கள் எழுதினார். ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கும் பயனில்லை, இடத்திற்கும் கேடு என்பது அவர் வாதம். இருப்புப்பாதை 1847இல் வந்தே தீர்ந்தது. ஆனால் விண்டர்மியருக்கு அப்பால் ஏரிகளின் உள்நாட்டிற்கு அது இன்றுவரை செல்லவில்லை.

வகுப்பில் அவருடைய பாடல்களை ஆண்டுதோறும் கற்பித்தவன் என்றாலும், இதில் அவர் பக்கம் நிற்க எனக்கு மனமில்லை. வாரம் ஆறு நாள் பஞ்சாலைப் புகையில் நின்றவன் ஏழாம் நாள் ஏரியைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? பொதுச்சொத்து என்று சொன்னவர் பொதுமக்கள் வந்ததும் அஞ்சினாரே! எனினும் அவர் அஞ்சியது முழுவதும் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இருப்புப்பாதை தொழிலாளரை மட்டும் கொண்டுவரவில்லை, முதலாளிகளையும் கொண்டுவந்தது. மான்செஸ்டர், லிவர்ப்பூல் நகரங்களிற் பொருளீட்டியவர்கள் விண்டர்மியர் கரையில் விடுமுறை மாளிகைகளைக் கட்டினார்கள். மது ஆலை முதலாளியான எட்வர்டு ஹோல்ட் கட்டியது பிளாக்வெல். பட்டு வணிகரான காடம் கட்டியது பிராக்ஹோல். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் எழுந்தவை. எங்கள் மரவீட்டின் பாட்டன்மார் இவையே எனலாம். நல்வாய்ப்பாக, இரண்டும் இன்று பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கும்படி இருக்கின்றன. பிராக்ஹோல் 1969 முதல் தேசியப் பூங்காவின் வரவேற்பு நிலையமாக விளங்குகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பு, மேற்குக் கரையில் 1840களில் எழுந்தது ரே கோட்டை. லிவர்ப்பூலைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் கட்டியது. போர் நடவாத இடத்தில், போருக்குப் பயன்படாத கொத்தளங்களோடு நிற்கும் விளையாட்டுக் கோட்டை. 1882ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் நகரிலிருந்து பாட்டர் என்னும் செல்வக் குடும்பம் இக்கோட்டையை வாடகைக்கு எடுத்துத் தங்கியது. அக்குடும்பத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, பெயர் பீட்ரிக்ஸ். அவ்வூர்ப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி அவர்களுக்கு நண்பரானார். அவர் ஏரிநாட்டைக் காக்க வேண்டும் என்பதே பேச்சாக இருந்தவர். பின்னர் ஆக்டேவியா ஹில் அம்மையாரோடும் ராபர்ட் ஹன்ட்டரோடும் சேர்ந்து 1895இல் தேசிய அறக்காப்பகத்தை நிறுவியவர். அந்தப் பெண்ணோ 1902இல் 'பீட்டர் முயல்' கதையை வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார். கதைகளின் வருவாயைக் கொண்டு 1905இல் அருகிலுள்ள ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பிறகு பண்ணை மேற் பண்ணையாக வாங்கிக்கொண்டே போனார். 1943இல் அவர் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அந்த அறக்காப்பகத்திற்கு விட்டுச் சென்றார்.

வாடகைக் கோட்டையில் கழித்த ஒரு கோடை இவ்வளவும் செய்தது என்று நான் சொல்லவில்லை; அதற்குப் பின்னும் அக்குடும்பம் பல கோடைகள் ஏரிக்கரைகளுக்கு வந்தது. ஆனால் குழந்தைகளை அழைத்துச் செல்லும் இடம் குழந்தைகளுக்குள் எங்கே சென்று தங்கும் என்பதை அழைத்துச் செல்பவர் அறிவதில்லை. இதை நான் ஓர் ஆசிரியனாகச் சொல்கிறேனா, தந்தையாகச் சொல்கிறேனா என்பது எனக்கே விளங்கவில்லை.

ஏனெனில், அன்று இரவு மகள் என்னிடம் ஒன்று கேட்டாள். பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். மழை நின்று ஏரியின்மேல் வெளிச்சம் இன்னும் மங்காமல் இருந்தது. "அப்பா, நாம் நான்கு பேரும் சேர்ந்து ஒரு நாளாவது எங்காவது போயிருக்கிறோமா?" என்றாள். யோசித்தேன். திருமணங்களுக்குச் சென்றிருக்கிறோம், துக்கங்களுக்குச் சென்றிருக்கிறோம், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றிருக்கிறோம். கோடை விடுமுறை முழுவதும் எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி; அது முடிந்தால் பள்ளிக் கட்டடப் பணி; அதுவும் முடிந்தால் மாணவர் சேர்க்கை. என் மனைவி கொடைக்கானல் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் ஊரிலிருந்து நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு என்றேன். அவள் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

கொடைக்கானல் ஏரியும் இந்த ஏரிநாட்டின் நினைவில் உருவானதோ என்று தோன்றுகிறது. இயற்கையாக அமைந்ததன்று அது. மதுரை மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் நீரோடைகளைத் தடுத்து அமைத்தது. தம் நாட்டை விட்டு வெகு தொலைவு வந்தவர்கள் ஏரி ஒன்றை அமைத்து, அதில் படகும் விட்டுக்கொண்டார்கள். எனக்கு அமைக்க வேண்டிய வேலை இல்லை, பேருந்திலே ஏற வேண்டியிருந்தது, அவ்வளவே.

"இரண்டு ஆண்டு சேர்த்த பணம், அப்பா. உங்களுக்குக் கோபம் என்று தெரியும்" என்றாள். கோபம் இல்லை என்று சொன்னேன்.

மறுநாள் துண்டுகளை மாற்றுவதற்காக ஓர் அம்மையார் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெந்நீர்த் தொட்டியின் நீரைச் சோதித்து ஏட்டிற் குறித்துக்கொண்டார். தேநீர் கொடுத்தோம், நின்றுகொண்டே அருந்தினார். நான் ஆசிரியன் என்று அறிந்ததும் அமர்ந்தார். ஏரிக்கு மறுபுறம், ஒரு சிற்றூரைக் கைகாட்டி, தாம் பிறந்த வீடு அங்கே இருக்கிறது என்றார். பெற்றோர் வாடகைக்கு இருந்த வீடு, உரிமையாளர் விற்றுவிட்டார், இப்போது அதுவும் விடுமுறை இல்லம். "அந்த வீட்டையும் நான்தான் சுத்தம் செய்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் குடியிருப்பது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்திற்கு அப்பால். அவருடைய மகனுக்கும் ஊரில் வீடு வாங்க இயலவில்லை, வெளியேறிவிட்டான். தாம் படித்த ஊர்ப்பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் என்று ஓர் எண்ணைச் சொன்னார். நான் அந்த எண்ணை மீண்டும் கேட்டேன். நம் பக்கத்தில் ஒரு வகுப்பின் முதல் வரிசைக்கும் போதாத எண் அது.

பிள்ளைகள் குறைந்து பள்ளி நலிவதை நான் என் சொந்த மாவட்டத்திலும் கண்டவன். ஆயினும் அங்கே ஊர் ஏழ்மையால் காலியாகிறது; இங்கே அழகால் காலியாகிறது. ஒரு வார வாடகை, ஆசிரியரோ ஆட்டிடையரோ ஒரு மாதம் முழுவதும் கொடுக்கக்கூடிய வாடகையை விட மிகுதி என்றால், வீட்டுக்காரர் யாருக்குக் கொடுப்பார்? குளிர்காலத்தில் விளக்கெரியாத வீடுகள் பல என்றார் அந்த அம்மையார். வொர்ட்ஸ்வொர்த் அஞ்சிய கேடு இருப்புப்பாதை வழியாக வந்த தொழிலாளியால் வரவில்லை. அவன் மாலை வண்டியில் திரும்பிவிட்டான். வீடு வாங்கித் தங்கினவர்களாலும், எங்களைப்போல் வாடகை கொடுப்பவர்களாலும் வந்தது. அரசினர் இதை உணராமலில்லை. எவரும் நிலையாகக் குடியிராத இரண்டாம் வீடுகளுக்கு ஊராட்சி வரியை இரு மடங்காக விதிக்கலாம் என்று 2023இல் சட்டம் செய்து, 2025 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் வணிகமுறையில் வாடகைக்கு விடும் இல்லங்கள் வேறு கணக்கில் அடங்குவன. வரி உயர்ந்தால் மட்டும் அந்த அம்மையாரின் மகன் ஊர் திரும்புவான் என்று நான் நம்பவில்லை. உள்ளூரில் வாழ்ந்து உழைப்பவர்க்கென்றே விற்கவும் வாடகைக்கு விடவும் கட்டுப்படுத்திய வீடுகளைக் கட்ட வேண்டும், அப்படிச் சில அங்கே கட்டப்பட்டும் இருக்கின்றன, போதவில்லை.

ஏரியும் இந்நெருக்கத்தைத் தாங்கவில்லை. கோடைகளில் நீலப்பச்சைப் பாசி படர்கிறது. கழிவுநீரோடு வந்து சேரும் பாஸ்பரஸ் அதற்கு உரம். நாங்கள் சென்ற வாரத்தில் படகுத்துறை அருகே, நீரிற் பாசி கண்டால் இறங்க வேண்டாம், நாய்களையும் விட வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகை இருந்தது. பேரன் நீச்சலுடையோடு அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தான். 2005 முதல் இவ்வேரியில் படகுகள் மிகுதியாக விரையக்கூடாது என்று விதி செய்து ஓசையை அடக்கிவிட்டார்கள். கழிவுநீரை அடக்குவது அத்தனை எளிதாக இல்லை. நம் கண்மாய்களின் கரையில் நின்று நான் இதே வருத்தத்தை அடைந்ததுண்டு. ஆகவே அவர்களைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தது. குன்றின்மேல் நடந்தோம். கல் அடுக்கிய சுவர்களுக்கு அப்பால் ஹெர்ட்விக் என்னும் இன ஆடுகள் மேய்ந்தன. குட்டி பிறக்கும்போது கறுப்பு. வளர வளரச் சாம்பல் நிறமாகி முகம் வெளுக்கும். மேலே மலையில் வேலி கிடையாது. ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய மலைப்பக்கத்தை விட்டு விலகுவதில்லை. தாய் ஆடு மேயும் எல்லையைக் குட்டி அதனோடு மேய்ந்தே அறிகிறது. அது தாயானதும் தன் குட்டிக்கு அறிவிக்கிறது. 2001இல் கோமாரி நோய் பரவி மந்தைகள் அழிக்கப்பட்டபோது இடையர்கள் பெரிதும் அஞ்சியது இதற்காகத்தான். ஆட்டை விலைக்கு வாங்கலாம். மலையை அறிந்த ஆட்டை எங்கே வாங்குவது? இம்மலைநாடு 2017இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டபோது, மலைகளின் அழகோடு இந்த மேய்ச்சல் வாழ்வும் சேர்த்தே மதிக்கப்பட்டது.

இப்பகுதி இடையர்கள் ஆடுகளை எண்ணுவதற்கென்றே பழைய எண்ணுப்பெயர்களை வைத்திருந்தார்கள்: யான், டான், டெதெரா, மெதெரா, பிம்ப். ஐந்தைக் குறிக்கும் பிம்ப் என்பது வெல்ஷ் மொழியில் ஐந்துக்குரிய சொல்லை ஒத்திருக்கிறது. பேரன் ஒரு கணத்தில் மனப்பாடம் செய்துவிட்டான். இறங்கும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். பேத்தி டானுக்கும் டெதெராவுக்கும் இடையில் தமிழ் மூன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் இல்லத்தை ஒழித்துக்கொடுக்க வேண்டும். பிற்பகல் அடுத்த குடும்பம் வந்துவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் அந்த அம்மையாரும் இன்னொருவரும் நான்கு அறைகளையும் புதிதாக்க வேண்டும். படுக்கை விரிப்புகளை நானே உருவி மடித்து அடுக்கினேன். மகள் இயந்திரத்தை நம்பாமல் பாத்திரங்களைக் கையாற் கழுவித் துடைத்து வைத்தாள். உள்ளே வந்த அம்மையார் அடுக்கிய விரிப்புகளைப் பார்த்து, "தலைமையாசிரியர் வேலை" என்றார். பேரனை அழைத்து, எண்ணுப்பெயர் தெரியுமாமே, சொல் என்றார். அவன் பிம்ப் வரை சொன்னான். அதற்கு மேல் பத்து வரை அவர் சொல்லிக்கொடுத்தார். தம் பாட்டனாரிடம் கற்றதாம். தம் மகனுக்குத் தெரியாது என்றார்.

தோணி கரையை விட்டு நகர்ந்ததும் மகள் என் அருகில் வந்து நின்றாள். "அடுத்த கோடையில் ஊருக்கு வரும்போது எல்லாரும் கொடைக்கானல் போவோமா, அப்பா?" என்றாள்.

"கோடையில் அங்கே கூட்டம் மிகுதி. ஜனவரியில் வாருங்கள், ஏரி நன்றாக இருக்கும்" என்றேன்.

"ஜனவரியில் எப்படி? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே" என்றாள்.

இரும்பு வடம் நீரிலிருந்து மேலெழுந்து சொட்டிக்கொண்டிருந்தது. கோடையிலேயே போவோம் என்றேன்.